கடைப் பிராண்டா, பெரிய பிராண்டா: எங்கள் அடுப்படிக் கணக்கு

முதலில் நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். பேரங்காடியில் கடையின் சொந்த பிராண்ட் எள் எண்ணெய் மலிவாக இருந்தது. எள் எண்ணெய் என்றால் நல்லெண்ணெய்தானே என்று கூடையில் போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிப்பொடியில் குழி பறித்து ஊற்றினால் கருந்தேன் நிறம். வாசமோ நேரே சிக்கன் ரைஸ் கடை. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சீனச் சமையல் எண்ணெய்டி, எள்ளை வறுத்துப் பிழிஞ்சது" என்றார். நம் செக்கில் எள்ளை வறுக்காமல் ஆட்டுவார்கள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் பொருள்பட்டியலில் சோயா எண்ணெயும் இருந்தது. கடை எதையும் மறைக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை.

அன்றிலிருந்து பின்பக்கத்தைப் படிக்காமல் எதையும் எடுப்பதில்லை. சிங்கப்பூர் உணவு விதிகளின்படி, பொட்டலத்தில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். பெரிய பிராண்டுக்கும் கடைப் பிராண்டுக்கும் ஒரே விதி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சீனி, உப்பு இரண்டிலும் சண்டைக்கே இடமில்லை. உள்ளே ஒரே பொருள்தான், கடைப் பிராண்டை எடுங்கள். விளம்பரச் செலவு இல்லை, இடையில் விநியோகஸ்தர் லாபம் இல்லை, மொத்தமாக வாங்குகிறார்கள், அதனால் விலை குறைகிறது. இங்கே இது ஒன்றும் புதுசும் இல்லை. விலைவாசியை அடக்க 1973இல் தோ பாயோவில் தொழிற்சங்கக் காங்கிரஸ் என்டியுசி வெல்கம் என்ற பெயரில் தொடங்கியதுதான் இன்றைய ஃபேர்பிரைஸ் பேரங்காடி. அதன் பெயரிலேயே வரும் அரிசியும் எண்ணெயும் இல்லாத அடுக்குமாடி புளோக் இருக்காது.

டின் மீனுக்கு வந்தால் கதை வேறு. அயாம் பிராண்ட் 1892இல் இங்கேயே ஒரு பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. மலாயில் அயாம் என்றால் கோழி. கோழிப் படம் போட்ட டின்னுக்குள் மீன் இருப்பதைப் பார்த்து என் மகள் சின்ன வயதில் அழுதிருக்கிறாள். அந்தத் தக்காளி சார்டினையும் ஒரு கடைப் பிராண்ட் டின்னையும் ஒரே நாளில் தனித்தனிச் சட்டியில் சம்பல் வைத்துப் பார்த்தேன். கடை டின்னில் சாறு நீர்த்திருந்தது, கிளறும்போதே மீன் உதிர்ந்துவிட்டது. ரொட்டியில் வைத்து அமுக்கினால் சாறு இறங்கி ரொட்டி நைந்துபோகிறது. பெரிய பிராண்ட் துண்டு துண்டாகவே நின்றது. வெங்காயம், சம்பல் மிளகாய் எல்லாம் ஒரே அளவுதான். இதில் கூடுதல் காசு கொடுக்க நான் தயார். மீன் கட்லெட்டுக்கு என்றால் எப்படியும் பிசையத்தான் போகிறோம், மலிவு டின்னே போதும்.

பாலில் அப்பாதான் நீதிபதி. ஒரு வாரம் கடைப் பிராண்ட் யுஎச்டி (அதிக சூட்டில் பதப்படுத்திய) பெட்டிப் பாலில் டீ போட்டுக் கொடுத்தேன். கண்டுபிடிக்கவில்லை. தயிருக்கு உறை ஊற்றியபோது மட்டும் கொஞ்சம் இளகலாக வந்தது. டீக்கு அது, தயிருக்கு குளிர்பெட்டிப் பால் என்று பிரித்துவிட்டேன். டின் பாலில் மட்டும் கவனம் வேண்டும். கண்டென்ஸ்டு மில்க் என்று நினைத்து எடுப்பது பல நேரம் பாமாயில் கலந்த கிரீமராக இருக்கும். பெரிய பிராண்ட் டின்களிலும் இது உண்டு, பிராண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

அரிசியில் பிராண்டைவிட ரகம் முக்கியம். தாய்லாந்து ஹோம் மாலி என்றால் அந்நாட்டு அரசின் பச்சை வட்ட முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 92 விழுக்காடு அசல் ரகம் இருந்தால்தான் அது கிடைக்கும். ஆனால் எந்தப் பிராண்டாக இருந்தாலும் அந்த அரிசி சாம்பாருக்குக் குழைவுதான். பொன்னி, துவரம்பருப்பு, புளி, சீரகம் இவற்றுக்கெல்லாம் பேரங்காடி இரண்டு பிராண்டையும் ஓரமாக வைத்துவிட்டு லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைப் பக்கம் போய்விடுவேன். அங்கே கையில் எடுத்து, முகர்ந்து பார்த்து வாங்கலாம்.

சாப்பாடு அல்லாத பொருள்களில்தான் விலைப்பலகை நம்மை ஏய்க்கும். டிஷ்யூவை ரோல் கணக்கில் பார்க்காதீர்கள், தாள் கணக்கில் பாருங்கள். உதாரணத்துக்கு, தலா 200 தாள் உள்ள 10 ரோல் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் 100 தாளுக்கு 25 காசு. தலா 160 தாள் உள்ள 10 ரோல் 4 வெள்ளி 50 காசு என்றால் 28 காசுக்கு மேல். மலிவாகத் தெரிந்ததுதான் கூடுதல் விலை!

அப்புறம் குப்பைப்பை. 2023 ஜூலையில் பெரிய பேரங்காடிகள் பைக்குக் குறைந்தது 5 காசு வாங்கத் தொடங்கிய பிறகு வீட்டில் சேரும் பைகள் குறைந்துவிட்டன, தனியாக வாங்க வேண்டியதாயிற்று. எங்கள் புளோக்கில் குப்பைக் குழாய் வீட்டுக்குள் இல்லை, மின்தூக்கிப் பக்கம்தான். ஒரு கடையின் சொந்த பிராண்ட் பையில் மீன் கழிவைக் கட்டி எடுத்துப்போனேன். நான்கு வீடு தாண்டுவதற்குள் அடிப்பக்கம் விட்டுக்கொடுத்தது. தாழ்வாரம் முழுக்க வஞ்சிரத் தண்ணீர். பக்கத்து வீட்டு மலாய் அக்கா ஒன்றும் சொல்லாமல் தம் துடைப்பத்தைக் கொடுத்தார். மறுநாளே கனமான பை வாங்கினேன், விலையைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. பெரிய பிராண்ட் சலுகைக்கு வரும் வாரங்களில் கடைப் பிராண்டைவிடவே இறங்கிவிடும். பயனீட்டாளர் சங்கத்தின் பிரைஸ் காக்கி செயலியில் கடைகளின் விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நான் சலவைத்தூளும் சமையல் எண்ணெயும் வாங்கப் போகும் முன் ஒருமுறை தட்டிப் பார்ப்பேன். அந்தக் கருந்தேன் எண்ணெய் இன்னும் அரை பாட்டில் இருக்கிறது. மகள் நூடல்ஸ் கிளறும்போது கடைசியில் ஒரு சொட்டு விடுகிறாள். அதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.