தேயிலை மண்ணில் ஃபிராங்க்ளினியா: சில வருஷ அனுபவம்

வீட்டுக்குப் பின்னால் ஃபிராங்க்ளினியா நிற்கிறது என்றால், நுவரெலியாவில் முதல் கேள்வி "என்ன பழம் அது?" என்பதுதான். பழமில்லை, பூ. அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், அல்டமஹா ஆற்றோரம் 1765இல் தாவரவியலாளர் ஜோன் பார்ட்ரமும் அவர் மகன் வில்லியமும் கண்ட சிறு மரம் இது. 1803க்குப் பிறகு காட்டில் யாரும் பார்க்கவில்லை. இன்று இருப்பதெல்லாம் வளர்ப்பு மரங்கள். பார்ட்ரம் குடும்பம் சேர்த்த விதையின் வாரிசுகள்.

எனக்கு ஆசை வந்த காரணம் வேறு. இது தேயிலைக் குடும்பம். அமில மண் வேண்டும், வேரில் தண்ணீர் நிற்கக் கூடாது. எங்கள் சரிவில் இரண்டும் சும்மாவே கிடைக்கின்றன. சரி, வைத்துப் பார்ப்போம் என்று முறையான அனுமதியோடு விதை எடுப்பித்தேன்.

வீட்டின் கிழக்குச் சுவரோரம் நட்டேன். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் காற்று கூரைத் தகரத்தையே தூக்கும். சுவர் அதை மறைக்கிறது, காலை வெயிலும் விழுகிறது. மறைவு என்று இருட்டு மூலையில் ஒதுக்கினால் பூவை மறந்துவிட வேண்டியதுதான்.

காற்றைவிடப் பெரிய எதிரி வேரழுகல். பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர் இந்த மரத்துக்கு எமன். அதனால் மண்ணை மேடாக்கி, மேல்பக்கம் ஒரு கான் (வடிகால்) வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். வேர் சீண்டலையும் தாங்காது. வேலைக்கு வரும் அண்ணன் மண் கிளறும் முள்ளோடு வந்து, "தேயிலைக்குச் செய்றதுதானே தம்பி?" என்றார். "அண்ணே, இதுக்குக் கிட்ட மட்டும் வேணாம்" என்று தடுத்தேன். கிளை வெட்டும் கவ்வாத்தும் இல்லை. மட்கிய இலையை மட்டும் பரப்புகிறேன்.

பூ வந்தால் பட்ட பாடெல்லாம் மறந்துவிடுகிறது. தேயிலைப் பூவை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி: ஐந்து வெள்ளை இதழ், நடுவே மஞ்சள் மகரந்தக் கொத்து, லேசான வாசம். இதழோரம் மெல்லிய சுருக்கம். மழை பிடித்தால் மறுநாளே பழுப்பேறிவிடும், அதுதான் குறை.

இலைச் சிவப்பைப் படத்தில் பார்த்து மயங்கியவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே அந்த அளவுக்கு வராது. அதன் சொந்த ஊரில் குளிர் வந்ததும் மரமே செம்மஞ்சளாகிக் கொட்டிவிடும். இங்கே சில கிளை சிவக்கும், சில கிளை பச்சையாகவே நிற்கும், இடையில் தளிரும் எட்டிப்பார்க்கும். ஜனவரியில் துகள் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் வாரத்தில்கூட இதற்கு ஒன்றும் ஆகவில்லை. குளிர் அதற்குப் பழக்கம்தானே.

காய் முற்ற ஒரு வருஷத்துக்கு மேல் எடுக்கும். மேலிருந்து ஐந்து பிளவு, கீழிருந்து ஐந்து பிளவு என்று வெடிப்பது வேடிக்கை. விதையைக் காயவிடாமல் உடனே போட்டுவிட வேண்டும். நாற்று கேட்பவர்களில் நானுஓயா, ஹக்கலைப் பக்கத்தவர்களுக்குக் கொடுப்பேன். கண்டிக்காரர்கள் கேட்டால் வேண்டாம் என்பேன், அந்தச் சூட்டுக்கு இது சரிவராது.