ஆட்டிவைக்கும் முன்னாள் துணையோடு பேச ஓர் ஆப்: அவர்ஃபேமிலிவிசார்ட்

பிரிந்த பிறகும் குழந்தைக்காகப் பேசியே ஆக வேண்டிய ஆள், தன்னையே பெரிதாக நினைத்து மற்றவரை மதிக்காத நார்சிசிஸ்ட் குணம் உள்ளவர் என்றால், 'தொடர்பை அறுத்துவிடு' என்ற அறிவுரை உதவாது. எங்கே பேசுவது, எவ்வளவு பேசுவது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. 2001-ல் அமெரிக்காவில் தொடங்கிய அவர்ஃபேமிலிவிசார்ட் அதற்கான இடம். சண்டை ஓயாத வழக்குகளில் இதன் வழியாகவே பேச வேண்டும் என்று அங்குள்ள நீதிமன்றங்கள் உத்தரவிடுவதும் உண்டு.

இதன் உயிர்நாடி செய்திப் பகுதி. அனுப்பியதைத் திருத்தவோ அழிக்கவோ முடியாது. அனுப்பிய நேரமும், மற்றவர் முதன்முதலில் திறந்த நேரமும் பதிவாகும். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே', 'நீ எனக்குத் தெரிவிக்கவே இல்லையே' என்று சாதித்து, நம் ஞாபகத்தின் மீதே நமக்குச் சந்தேகம் வரவைக்கும் வேலை இங்கே எடுபடாது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் பதில் எழுதும் விதம் தவறினால் பதிவு நமக்கே எதிராகும். முதலில் மறுப்பது, பிறகு தாக்குவது, கடைசியில் தானே பாதிக்கப்பட்டவர் என்று தலைகீழாக்குவது: உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரெய்ட் 1997-ல் டார்வோ என்று பெயரிட்டது இந்த வரிசையைத்தான். ஒரே செய்தியில் மூன்றும் வரும்:

"நான் ஒண்ணும் இஷ்டத்துக்கு மாத்தல, சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்னு சொன்னப்ப நீ சரின்னுதானே சொன்ன? உனக்கு எப்பவும் பொய்தான். உன்னால நான்தான் தூக்கமில்லாம கிடக்கிறேன்."

பொய், தூக்கம் இரண்டையும் தொடவே கூடாது. தொட்டால் பேச்சு அங்கேயே போய்விடும், சனிக்கிழமை கைநழுவும். பதில் இவ்வளவு போதும்:

"சனிக்கிழமை மாற்றத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, 14-ம் தேதி செய்தியில் எழுதியிருக்கிறேன். அட்டவணைப்படி மாலை 5 மணிக்கு அழைத்துப்போக வருகிறேன்."

தேதி, நேரம், முடிவு. 'ஏன்' என்ற விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு விளக்கமும் அடுத்த வாதத்துக்குக் கொடுக்கும் பிடி.

டோன்மீட்டர் என்ற வசதி, நாம் எழுதும் வரியில் சூடான சொற்களைச் சுட்டிக்காட்டும். கோபத்தில் தட்டச்சு செய்பவருக்கு நல்ல கடிவாளம். ஆனால் தேன் தடவிய குத்தலை அது பிடிக்கும் என்று நம்பக் கூடாது. 'பாவம், உனக்கு மனசு சரியில்லைன்னு எல்லோருக்கும் தெரியும்' என்பதில் சூடான சொல் ஒன்றுகூட இல்லையே!

செலவுக் கணக்கு, ரசீது இணைக்கும் வசதி, பகிர்ந்த காலண்டர் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன.

குறைகள்? மற்றவரும் சேர்ந்தால்தான் பயன். 'ஆப் வழியாக மட்டுமே' என்று ஒப்பந்தத்திலோ உத்தரவிலோ எழுதாவிட்டால், அவர் வாட்ஸ்அப்புக்கோ உறவினர் மூலமான தூதுக்கோ திரும்பிவிடுவார். அப்போது அங்கே பதில் சொல்லாமல், விஷயத்தை ஆப்பிலேயே எழுதி முடிக்க வேண்டும். திறந்த நேரம் நமக்கும் பதிவாகும் என்பதால் அறிவிப்புகளை அணைத்துவிட்டு, தினமும் ஒரு நேரம் குறித்துப் படிப்பது நல்லது. குழந்தையின் உடல்நலம், அன்று அழைத்துப்போகும் நேரம் இவை தவிர மற்றதற்கு மறுநாள் பதில் போதும்.

அடி, மிரட்டல், பின்தொடர்தல் இருந்தால் இந்த ஆப் மட்டும் காப்பாற்றாது. வழக்கறிஞரையும் காவல்துறையையும் அணுக வேண்டும். கணக்கு திறக்கும் முன், முன்னாள் துணைக்குத் தெரிந்த மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் போன் பூட்டு எண்ணையும் மாற்றிவிடுங்கள்.