இத்தாலியில் உட்கார்ந்து காபி குடிக்கும் முன்

2013-இல் வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்தில் ஏழு பேர் வெளிமேசையில் உட்கார்ந்து நான்கு காபியும் மூன்று கோப்பை மதுவும் குடித்தார்கள். பில் 100 யூரோ. அதில் 42 யூரோ பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த வாத்தியக் குழுவுக்கு, தலைக்கு 6. 2018-இல் அதே சதுக்கத்தில் இரண்டு எஸ்பிரெஸோவுக்கும் (அழுத்தத்தில் இறக்கும் சின்னக் கெட்டிக் காபி) இரண்டு சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கும் 43 யூரோ தீட்டினார்கள். காபி 11.50, தண்ணீர் 10. "விலை மெனுவிலேயே இருக்கிறதே" என்றது கடைத்தரப்பு. அதற்கு மேல் என்ன பேச முடியும்?

இதே நாட்டில் கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு எஸ்பிரெஸோ ஒரு யூரோ, ஒன்றேகால் யூரோ. நின்று குடிக்கும் காபிக்கு உச்சவிலை வைக்கும் அதிகாரம் வெகுகாலம் நகராட்சிகளிடம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் அந்த விலை குறைவாகவே இருக்கிறது. மேசைக்கு அப்படி ஒரு கடிவாளம் இல்லை. பளிங்கு மேசை, வெள்ளித் தட்டு, வெள்ளைக் கோட்டுப் பணியாளர் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன.

பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதை கவுன்டரில் காட்ட வேண்டும். அங்கே வாங்கிய கோப்பையைத் தூக்கிக்கொண்டு காலியான நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். எழுப்புவார்கள், இல்லையென்றால் மேசை விலை போடுவார்கள். விலைப்பட்டியலில் 'பாங்கோ' என்றால் கவுன்டர், 'தாவோலோ' என்றால் மேசை. பட்டியலைக் கண்ணில் படும்படி வைப்பது சட்டம். 2022-இல் ஃபிளாரன்ஸில் ஒருவர் 2 யூரோ காபிக்குப் போலீஸைக் கூப்பிட்டார். விலை அதிகம் என்பதற்காக இல்லை, பலகையில் எழுதி வைக்கவில்லை என்பதற்காகக் கடைக்கு 1,000 யூரோ அபராதம் விழுந்தது. ஆகவே பலகை இல்லாத கடையில் உட்காரவே வேண்டாம்.

காசு கூடினால் காபி நன்றாக இருக்குமா என்றால், அதுவும் இல்லை. முறையான எஸ்பிரெஸோவுக்கு 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 25 நொடி. கோப்பையில் நுரையோடு சேர்த்து 25 மில்லி. 1 யூரோவுக்கும் இதுதான், 11 யூரோவுக்கும் இதுதான். பத்து நொடியில் வடிந்தால் தூள் கரகரப்பாக இருக்கிறது, அல்லது அளவு குறைவு: நுரை வெளிறி, சீக்கிரம் கலைந்து, காபி புளிக்கும். நாற்பது நொடி இழுத்தால் நுரை கறுத்து நடுவில் திட்டாகப் பிளந்து நிற்கும். கசப்பு நாக்கை விட்டுப் போகாது. நல்லதாகவே இறக்கினாலும் பணியாளர் தட்டில் ஏந்திச் சதுக்கத்தைக் கடந்து வருவதற்குள் நுரை அடங்கி, ஆறியும் போயிருக்கும். பத்து மடங்கு கொடுத்தவருக்கு, நின்று குடித்தவரைவிட மட்டமான காபி!

ஊருக்கு வாங்கி வரும் தங்க எழுத்துக் காபி டின்களிலும் கவனம் வேண்டும். வறுத்த தேதி பெரும்பாலும் இருக்காது, காலாவதித் தேதி மட்டும் இருக்கும். அரைத்த தூளாக இருந்தால் வாசனை எப்போதோ போயிருக்கும். அரபிகா, ரொபஸ்டா என்று காபியில் இரண்டு முக்கிய இனங்கள். '100% அரபிகா' என்று போட்டால் உயர்வு என்றும் நினைக்க வேண்டாம். கெட்டியான நுரைக்காக இத்தாலியர்களே ரொபஸ்டா கலக்கிறார்கள், தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் தாராளமாக. இந்தியக் காபிக்கொட்டையை அதிகம் வாங்கும் நாடும் இத்தாலிதான். குடகிலும் வயநாட்டிலும் விளைந்த ரொபஸ்டாவை இத்தாலியப் பெயரில் பல மடங்கு விலைக்கு நாமே வாங்கி வந்தாலும் வரலாம்.

மேசையில்தான் உட்கார வேண்டும் என்றால், கேட்காமல் வரும் தண்ணீர் பாட்டிலை மூடி திறக்கும் முன் திருப்பி அனுப்புங்கள். இசைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று ஆர்டர் சொல்வதற்கு முன்பே கேளுங்கள்.