இரண்டேகால் வருடம் இடது காதில்

என்னோடு பள்ளியில் பணியாற்றிய இளைய ஆசிரியை சென்ற வாரம் அழைத்தார். "டீச்சர், நீங்கள் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி 900 வெள்ளிக்கு இறங்கிவிட்டதே, வாங்கலாமா?" நான் அதை 1,400 மலேசிய வெள்ளிக்கு வாங்கியவள். அவர் கேட்ட அன்றுதான் அது பழுது பார்க்கப்பட்டு வீடு திரும்பியிருந்தது. தொலைபேசியில் நான் சொன்னதில் பாதி கோபம்தான். அவருக்குச் சொல்ல வேண்டிய மீதியை நிதானமாக எழுதுகிறேன்.

வேகஸ் நரம்பு மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் என்று அலைகிற நரம்பு. அதன் ஒரே ஒரு கிளைதான் தோலை எட்டுகிறது, அதுவும் காதில். அந்த இடத்தில் மெல்லிய மின்துடிப்பு கொடுப்பதுதான் இந்தக் கருவியின் வேலை. எனக்கு முடக்குவாதம், மூட்டுகளில் அழற்சி உண்டாக்கும் நோய். காலையில் விரல்கள் மடங்காது, கோப்பிக் குவளையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு 2000-இல் எலிகளிடம் இந்த நரம்பைத் தூண்டி, அழற்சியைக் கிளப்பும் டிஎன்எஃப் என்ற புரதத்தைக் குறைத்துக் காட்டியதைப் படித்தபின் எனக்கு ஆசை வந்துவிட்டது. என் மருத்துவர் இதயத் துடிப்பைச் சோதித்துவிட்டு, "மாத்திரையை நிறுத்தாமல் செய்வதானால் செய்யுங்கள்" என்றார். வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை ஒருநாளும் நான் விடவில்லை.

இனி, என்னை மிகவும் வாட்டிய விஷயத்துக்கு வருகிறேன்: காதுக் கிளிப்.

இரவு ஒன்பது மணிக்கு இடது காதுத் தோட்டைக் கழற்றிக் குங்குமச் சிமிழின் மூடியில் வைப்பேன். காதுமடலுக்குள், செவித்துளைக்குச் சற்று மேலே இருக்கும் பள்ளத்தில் கிளிப்பின் இரண்டு உலோகப் பொட்டுகளும் சரியாகப் படிய வேண்டும். படிந்தால் எறும்பு ஊர்வதுபோல் மெல்லிய குறுகுறுப்பு. ஒரு மயிரிழை விலகினாலும் கருவி கீச்சென்று கத்தி நின்றுவிடும். அதுவரை ஓடிய நேரம் கணக்கில் வராது, முப்பது நிமிடமும் மறுபடி முதலிலிருந்து. இருபத்தேழாவது நிமிடத்தில் அது கத்தியபோது நான் அழுதிருக்கிறேன். அழற்சியைத் தணிக்க வாங்கிய பொருள் அது!

என் காது சிறியது போலிருக்கிறது என்று மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் தேங்காய் எண்ணெய். நான் தினமும் தலைக்கு எண்ணெய் வைப்பவள். அது காதோரம் இறங்கிப் பள்ளத்தில் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. எண்ணெயில் மின்சாரம் பாயாது. வெந்நீரில் உப்பைக் கரைத்து, பழைய வேட்டித் துணியை நனைத்து, பள்ளத்தை இரண்டு முறை துடைத்துவிட்டு, ஈரம் காயும் முன் மாட்டினேன். முப்பது நிமிடமும் ஒரு சத்தமில்லை. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தலைக்கு எண்ணெய் வைக்கிற மனிதர்கள் உலகில் இருப்பதே தெரியாமல் ஒரு பொருளைச் செய்து நான் இருக்கும் பினாங்கு வரை விற்கிறார்கள் என்பதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் வயர் கிளிப்பின் கழுத்திலேயே அறுந்தது. புது வயர் 180 வெள்ளி, வருவதற்கு ஆறு வாரம் என்று விற்றவர்கள் பதில் எழுதினார்கள். இங்கே கொம்தார் கட்டடத்தில் கைப்பேசி பழுது பார்க்கும் ஒரு சீனப் பெரியவர் பதினோரு நாள் வைத்திருந்து, ஈயம் பற்றவைத்து, இனி வளையாதபடி ரப்பர் குழாயும் மாட்டிக் கொடுத்தார். 15 வெள்ளி.

அந்தப் பதினோரு நாளைத்தான் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவி இல்லாவிட்டாலும் ஒன்பது மணிக்குப் பழக்கத்தில் அதே நாற்காலியில், அதே ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டேன். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கிறது, அதற்கு மின்சாரம் தேவையில்லை. அந்த நாட்களிலும் நன்றாகவே தூங்கினேன். முன்பெல்லாம் இரவு இரண்டு மணிக்கு விழித்து, மகனின் வேலையையும் வீட்டுக் கடனையும் நினைத்துப் புரண்டுகொண்டிருந்தவள் நான். அந்த விழிப்பு போய் ஒன்றரை வருடமாகிறது. இந்தக் கருவி எனக்குக் கொடுத்த மிகப் பெரிய வரம் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தது இதைத்தான். வரம் கொடுத்தது மின்துடிப்பா, நாற்காலியா?

விரல்களைப் பற்றியும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். காலை விறைப்பு முன்பைவிடச் சீக்கிரம் விடுகிறது, ஆனால் இடையில் மருத்துவர் மாத்திரை அளவையும் கூட்டினார். 2025 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் முடக்குவாதத்துக்கு அனுமதித்தது கழுத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து பதிக்கும் கருவியை, காதில் மாட்டுவதை அல்ல. 242 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில் பன்னிரண்டு வாரத்தில் ஓரளவு தேறியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர். கருவியைப் பதித்தும் தூண்டாமல் விட்டவர்களிலோ 24 பேர். அந்த 24 என்ற எண் என் மனத்தை விட்டுப் போவதே இல்லை.

ஆகவே, தங்கையே, வாங்காதீர்கள். 900 வெள்ளிக்கும் வேண்டாம். இவ்வளவு அருமையான நரம்பைத் தொட வந்தவர்கள் ஒரு நல்ல கிளிப் செய்யக் கற்றுக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம்.

என்னுடையதை நான் விற்கப்போவதில்லை. நேற்று இரவும் மாட்டினேன், முப்பது நிமிடம் முழுதாக ஓடியது, அந்தக் குறுகுறுப்பு திரும்பி வந்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். உங்களுக்கு இதய நோய் எதுவும் இல்லையென்றால் என் கருவியையே மாட்டிப் பார்க்கலாம். அன்று மட்டும் தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள்.