குமுளியில் பசுமை வைப்பு: மூன்று நட்சத்திரம்

ஏலக்காய் விற்ற பணத்தைக் குமுளியில் ஒரு வங்கிக் கிளையில் பசுமை வைப்பாகப் போட்டேன்; சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யும் திட்டங்களுக்கே வங்கி பயன்படுத்த வேண்டிய வைப்பு இது. வேலை சீக்கிரம் முடிந்தது, ரசீதும் அன்றைக்கே கைக்கு வந்தது. சாதாரண வைப்பைப் போலவே 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் உண்டு.

நான் கேட்டது ஒன்றுதான்: என் பணம் பெரிய அணைக்குப் போகுமா? கவுண்டரில் இருந்த தம்பி, "அதெல்லாம் மேலிடம் பார்த்துக்கும்க்கா" என்றார். இது சரியில்லை. ரிசர்வ் வங்கியின் 2023 விதிப்படி, இந்தப் பணத்தை 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையத்துக்குத் தரக்கூடாது. பணம் போன வழியை ஆண்டுதோறும் வெளியார் சரிபார்க்க வேண்டும்.

சாதாரண வைப்புக்கு இந்தத் தடை கிடையாது. பெரிய அணையே கூடாது என்று சொல்ல மாட்டேன்; எங்கள் மாவட்டத்து இடுக்கி நிலையமே 780 மெகாவாட். ஆனால் ஊரைவிட்டுப் போகிறவர்களுக்கு நிலம் கிடைத்ததா என்று பார்த்த பிறகுதான் கடன் தர வேண்டும். குஜராத்தில் நர்மதை மேல் கட்டிய சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி முதலில் கடன் கொடுத்தது. மறுகுடியமர்வுக் குறைகளை உலக வங்கியே அமைத்த மோர்ஸ் ஆய்வுக் குழு 1992இல் எழுதிய பிறகு, 1993இல்தான் அந்தக் கடன் நின்றது. அதற்குள் எத்தனை குடும்பம் அலைந்திருக்கும்!

பணம் போடுகிறவர்கள் சரிபார்ப்பு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதைக் கிளையிலேயே தமிழிலும் மலையாளத்திலும் வைத்தால் இன்னொரு நட்சத்திரம் தருவேன்.