இரட்டை எஞ்சின்: ஒரே முகவரியா, பெட்டியின் நினைவா, சிவி 19ஆ?

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கி இரண்டு மூன்று எஞ்சின் கோத்துச் சரக்கு வண்டி ஏறுவதைப் பார்த்தவனுக்கு, வீட்டு மேசையில் மாடல் ரயிலில் ஒற்றை எஞ்சின் ஓடினால் மனசு நிறையாது. தண்டவாளம் வழியாக ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் டி.சி.சி. முறையில் இரண்டைச் சேர்த்து ஓட்ட மூன்று வழி உண்டு.

கட்டளையைக் கேட்டு மோட்டாரை ஓட்டும், எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மின்சுற்றுதான் டீகோடர்; அதைக் கூப்பிடும் எண் முகவரி. இரண்டு டீகோடருக்கும் ஒரே முகவரி கொடுப்பது முதல் வழி. எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் நடக்கும். ஆனால் முதுகோடு முதுகாக நிறுத்தினால், ஒன்றின் சிவி 29இல் (சிவி என்பது டீகோடருக்குள் எண் எழுதி வைக்கும் அறை) ஒன்றைக் கூட்டித் திசையைத் திருப்பவேண்டும். ஹாரன் அமுக்கினால் இரண்டும் சேர்ந்து கத்தும். பிரிக்க வேண்டுமென்றால் மறுபடி முகவரி மாற்ற வேண்டியதுதான். ஜோடி என்றைக்கும் பிரியாது என்றால் மட்டும் சரி.

இரண்டாவதில் பெட்டியே ஜோடியை நினைவில் வைத்து, ஒவ்வொரு கட்டளையையும் இருவருக்கும் தனித்தனியே அனுப்பும். டீகோடரைத் தொடவே வேண்டாம். வீட்டுத் தடத்திலேயே ஓட்டுகிறவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்தவர் வீட்டுக்கு எஞ்சினை எடுத்துப்போனால் நினைவு மட்டும் நம் வீட்டிலேயே தங்கிவிடும்.

மூன்றாவது வழியில் ஜோடி எண்ணை டீகோடருக்குள்ளேயே, சிவி 19இல் எழுதுகிறோம். முன் எஞ்சினுக்கு 24 என்றால், பின்னோக்கி நிற்பதற்கு 128ஐக் கூட்டி 152. எந்த வீட்டிலும் 24ஐக் கூப்பிட்டால் போதும். ஹாரன், விளக்கு யாருக்கு என்பதை சிவி 21, 22 பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு பொறி உண்டு, நானே விழுந்தேன். சாட்ஸ்வர்த்தில் மச்சான் வீட்டில் ஓட்டிவிட்டு வந்த மறுநாள் எஞ்சின் நகரவில்லை. விளக்கு மட்டும் எரிந்தது. மூடியைக் கழற்றி, மோட்டார் வயரை மறுபடி பற்றவைத்து, அரைநாள் போனது. "மாமா, 19இல என்ன இருக்கு?" என்றான் மருமகன். 24 இருந்தது! பூஜ்யம் போட்டதும் ஓடியது. ஜோடி எண் இருக்கும்வரை சொந்த முகவரிக்கு வரும் வேகக் கட்டளையை டீகோடர் காதில் வாங்காது.

எந்த வழியானாலும் வேகம் பொருந்தாவிட்டால் வீண். நம்மவர்கள் அமெரிக்க அடிச்சட்டத்தின் மேல் தென்னாப்பிரிக்க ரயில்வேயின் 34ஆம் வகுப்பு டீசல் உடலைப் பொருத்துகிறார்கள். அடிச்சட்டம் வேறானால் பல்சக்கரமும் வேறு. மெதுவானதை அளவாக வைத்து, வேகமானதை சிவி 2, 5, 6இல் (தொடக்க, உச்ச, நடு வேகம்) இறக்குங்கள். மிச்ச வேறுபாடு இருந்தால் வேகமானது முன்னால் நிற்கட்டும். பின்னாலிருந்து தள்ளினால் வளைவில் தடம் புரளும்.

என் கை இன்னும் சிவி 19க்குத்தான் போகிறது. இப்போது மூடியின் உட்புறம் ஜோடி எண்ணைத் துண்டுத்தாளில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.