கெட்டியா, மெத்தா? கோத்தகிரிச் சரிவில் பட்டர் பிளாஸ்டிக்

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்கள் பட்டர் (கூடைக்குள் போடும் தட்டு) வாங்கும்போது முதலில் மோல்டைப் பற்றி, அதாவது தட்டின் வார்ப்பு வடிவத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். மாடல் ஏவியாரா, ஜட்ஜா, விளிம்பின் அடியில் பீட் என்ற சின்ன முகடு இருக்கிறதா இல்லையா என்று. நானும் முதல் இரண்டை அப்படித்தான் வாங்கினேன். மூன்றாவதை வாங்கிய பிறகுதான், எங்கள் ஊர் கோத்தகிரி மாதிரி மலை இடத்தில் மோல்டைவிடப் பிளாஸ்டிக் முக்கியம் என்று தெரிந்தது. மூன்றும் ஏறக்குறைய ஒரே வடிவம், ஒரே எடை. ஒன்று பிரீமியம் பிளாஸ்டிக், ஒன்று கெட்டியான பேஸ் பிளாஸ்டிக், கடைசியாக வந்தது மெத்தென்ற பேஸ் பிளாஸ்டிக். இப்போது கூடைக்குப் போட நான் கையில் எடுப்பது அந்தக் கடைசியைத்தான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை, பந்துக்குப் பதில் தட்டு. தூரத்துக்கு டிரைவர், நடுவில் மிட்ரேஞ்ச், கடைசியில் பட்டர். கூடையிலிருந்து பத்து மீட்டருக்குள் நின்று போடுவதுதான் பட்டிங். எங்கள் கூடை அரவேணு பக்கம், சித்தப்பாவின் தேயிலைத் தோட்டத்து மேட்டில் நிற்கிறது. வெல்டிங் பட்டறையில் செய்தது. அடித்தட்டின் விளிம்பு தரையிலிருந்து 82 சென்டிமீட்டர் இருக்கும்படி டேப் வைத்து அளந்து நட்டோம். சங்கிலி ஹார்டுவேர் கடையில் வாங்கியது.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். பிரீமியம் என்றால் இன்னோவா நிறுவனத்தின் சாம்பியன், ஸ்டார், டிஸ்கிராஃப்டின் இசட், டைனமிக் டிஸ்க்ஸின் லூசிட் போன்றவை. பெரும்பாலும் பாலியூரித்தேன் வகை. மரத்தில் பலமுறை அடித்தாலும் விளிம்பு எளிதில் சிதையாது, பறக்கும் விதமும் சீக்கிரம் மாறாது. பேஸ் என்றால் டி.எக்ஸ்., புரோ டி, கிளாசிக், ஜீரோ போன்றவை. விலை குறைவு, கைப்பிடி நன்றாக இருக்கும், தேய்மானம் அதிகம். இவ்வளவும் யாரைக் கேட்டாலும் சொல்லும் விஷயம். விலையை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்காவில் பேஸ் பட்டர் பிரீமியத்தைவிட நன்றாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கும். இங்கே வரவழைக்கும்போது கப்பல் கூலி இரண்டுக்கும் ஒரே மாதிரி ஏறுவதால் அந்த வித்தியாசம் சுருங்கிவிடும். ஆயுளையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கற்பூர மரத்தில் போய் மோதும் டிரைவருக்குப் பிரீமியம் தேவை. பட்டர் மோதுவது சங்கிலியில்; விளிம்பில் சின்னச் சின்னப் பிசிறு வரும், அவ்வளவுதான். அந்தப் பிசிறு கொஞ்சம் வந்த பிறகு பிடி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

பேஸ் பிளாஸ்டிக்குக்குள்ளேயே மெத்து, நடுத்தரம், கெட்டி என்று பிரிவு உண்டு. லாட்டிட்யூட் 64 நிறுவனத்தின் ஜீரோ வரிசையில் சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்று பெயரிலேயே இருக்கும். டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜ் வாங்கினால் கிளாசிக் கெட்டி, கிளாசிக் பிளெண்ட் நடுத்தரம், கிளாசிக் சாஃப்ட் மெத்து. இன்னோவாவில் கே.சி. புரோ என்ற பிளாஸ்டிக் கெட்டிப் பக்கம்; அந்த 'கே.சி.' பன்னிரண்டு முறை டிஸ்க் கோல்ஃப் உலகச் சாம்பியனான கென் கிளைமோவின் பெயரெழுத்து. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் கெட்டியானதைக் கையில் வைத்திருப்பதைப் பார்த்துத்தான் நானும் கெட்டி வாங்கினேன். அவர்கள் ஆடும் வெயிலையும் சமதரையையும் நான் யோசிக்கவில்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. மெத்து, கெட்டி என்று தட்டில் எழுதியிருப்பதெல்லாம் சாதாரண அறை வெப்பத்துக்குச் சொன்னது. பிளாஸ்டிக் குளிரில் இறுகும், சூட்டில் தளரும். கோத்தகிரி கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரம். மார்கழி, தை மாதக் காலையில் பத்து டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அங்கே ஊட்டி தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நாட்களில், இங்கே தகரக் கூரையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கடைக்காரர் 'மீடியம்' என்று கொடுத்தது மீடியமாக இருக்காது.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தவன் அக்கா மகன். கோயம்புத்தூரில் படிக்கிறான். அந்த மெத்து பட்டர் அவன் முகவரிக்குத்தான் வந்தது. சித்திரை மாதம். பிரித்துப் பார்த்ததும் போன் செய்தான்.

"மாமா, ஏமாந்துட்டீங்க. இது தோசை மாதிரி மடியுது. எறிஞ்சா பறக்குமான்னே தெரியல."

"எடுத்துட்டு வா, பாத்துக்கலாம்" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் கவலைதான்.

அவன் அதை ஊருக்குக் கொண்டு வந்தது தை மாதம், பொங்கல் லீவில். இரவு மூன்று தட்டையும் மொட்டை மாடிச் சுவரில் வைத்துவிட்டோம். காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தபோது மூன்றின் மேலும் முத்து முத்தாகப் பனிநீர். அவனிடம் அந்த மெத்து தட்டைக் கொடுத்து மடக்கச் சொன்னேன். இரண்டு கட்டை விரலையும் நடுவில் வைத்து அழுத்தினான். வளைந்தது, ஆனால் மடியவில்லை; விட்டதும் நிதானமாக நிமிர்ந்தது. "மாமா, இது வேற தட்டா?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்து கெட்டியானதை எடுத்தான். அது எவர்சில்வர் தட்டு மாதிரி நின்றது. பிரீமியம் தட்டு அந்த அளவுக்கு இறுகவில்லை. ஆனால் அதன் வழவழப்பான மேல்பாகத்தில் நீர் ஒரு படலமாக நின்றது. துண்டால் துடைத்தாலும் அந்த வழவழப்பு முழுசாகப் போகவில்லை.

கோயம்புத்தூரில் மெத்தாக இருப்பது எங்கள் ஊரில் நடுத்தரம். அங்கே நடுத்தரம், இங்கே கெட்டி. அங்கே கெட்டியாக இருப்பதை இங்கே குளிரில் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வர ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் தட்டு ஒரு படி மாறிவிடுகிறது.

இறுகினால் என்ன போச்சு என்று கேட்கலாம். இரண்டு விஷயம் போகிறது.

முதலாவது பிடி. பட்டிங்கில் முழு வேகம் கிடையாது. விரல் நுனியிலிருந்து தட்டு எந்த நொடியில் கழல்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலது கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை உடம்புக்குக் குறுக்கே வீசி) போடும்போது தட்டு ஒரு கணம் முன்கூட்டியே வழுக்கினால் இடது பக்கம் போகும், தூரமும் குறையும். மேகம் இறங்கியிருக்கும் காலையில் கெட்டித் தட்டில் எனக்கு நடப்பது அதேதான்: இடது பக்கம், குட்டையாக. குளிரில் விரல்களும் மரத்துப்போயிருக்கும். மெத்துத் தட்டில் விரல் கொஞ்சம் பதிகிறது. அந்தக் கொஞ்சம் போதும்.

இரண்டாவது உருளல். மலையில் ஆடாதவர்களுக்கு இதன் அருமை தெரியாது. சமதரையில் பட்டிங் தவறினால் தட்டு கூடையைத் தாண்டி நாலைந்து மீட்டரில் விழும், திரும்பிப் போட்டு முடித்துவிடலாம். சரிவில் அப்படி இல்லை. கூடைத்தட்டின் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் பட்டர் பெரும்பாலும் நிமிர்ந்துதான் தரையில் இறங்கும். கெட்டியான விளிம்பு தரையில் பட்டதும் நசுங்காது. வந்த வேகம் அப்படியே உருளலுக்குப் போகும். எங்கள் கூடைக்குக் கீழே மூன்று படி தேயிலை, அதற்கும் கீழே ஓடை. ஒரு காலையில் எட்டு மீட்டரிலிருந்து போட்டது விளிம்பில் பட்டு, பாத்திக்கு நடுவிலிருக்கும் நடைபாதையைப் பிடித்து, மூன்று படியையும் தாண்டிப் போய் ஓடைக்கு மேலே ஒரு சீகை மரத்தின் அடியில் சாய்ந்து நின்றது. ஒரு எறியில் முடிய வேண்டியது நாலு எறி ஆனது.

மெத்தான விளிம்பு தரையில் படும்போது ஒரு நொடி நசுங்கும். அந்த நசுங்கலிலேயே வேகத்தில் ஒரு பங்கு செத்துவிடும். தட்டு இரண்டு சுற்றில் தள்ளாடிப் படுத்துவிடும். உருளவே உருளாது என்று சொல்ல வரவில்லை. பங்குனியில் புல் காய்ந்து தரை கல்லாகக் கிடக்கும்போது மெத்துத் தட்டும் உருண்டது, அதுவும் நன்றாகவே. ஆனால் மழைக்காலம், பனிக்காலம் இரண்டிலும் சேர்த்துப் பார்த்தால், நான் கீழே இறங்கித் தேடிய நேரம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மெத்தைப் பிடித்துக்கொள்வேன்.

மெத்துத் தட்டு சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும், கெட்டித் தட்டு துப்பிவிடும் என்று பலரும் சொல்வார்கள். எங்கள் கூடையில் சங்கிலி குறைவு, ஒற்றை வரிசை. அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மெத்துத் தட்டு விழும்போது 'சளக்' என்று ஒரே சத்தத்தோடு அடங்குகிறது, கெட்டி போட்டால் 'கணீர்' என்று கேட்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

கெட்டியின் பக்கமும் நியாயம் உண்டு. கையிலிருந்து சுத்தமாகக் கழலும். வேகமாகச் சுழற்றிப் போடுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம்; மெத்துத் தட்டின் விளிம்பு அந்த வேகத்தில் விரலில் ஒட்டிக் கொஞ்சம் படபடக்கும். நான் மெதுவாகத் தூக்கிப் போடுகிறவன், அதனால் என் தீர்ப்பில் என் கையும் கலந்திருக்கிறது. கோடநாடு பக்கம் மாதிரி காற்று அடிக்கும் திறந்த மேட்டில் கெட்டி நேராக நிற்கிறது என்று தோன்றியது, ஆனால் அங்கே நான் ஆடியது இரண்டே நாள்தான். கீழே சமவெளியில் இருப்பவர்கள் நான் சொன்னதை ஒரு படி கெட்டிப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்: அக்கா மகனுக்குக் கோயம்புத்தூரில் கிளாசிக் பிளெண்ட் மாதிரி நடுத்தரம் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எடையில் பெரிய தேர்வு இல்லை. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரைதான் விதி அனுமதிக்கிறது. பட்டரின் விட்டம் 21 சென்டிமீட்டரை ஒட்டி இருப்பதால் உச்ச எடை 175 கிராம் அக்கம்பக்கத்தில் நின்றுவிடும். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் தட்டு மிதப்பதும் குறைந்து, கடைசியில் சீக்கிரம் சாயும். இது எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் பொது என்பதால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

மெத்து பேஸ் வாங்கினால் பராமரிப்பு கொஞ்சம் உண்டு. புதுத் தட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு ஒருமுறை கழுவுங்கள், மேலே இருக்கும் வழுக்கல் போய்விடும். விளிம்பில் மோல்ட் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம், விதியில் அதற்கு இடமுண்டு. தட்டின் வடிவமே மாறும் அளவுக்குத் தேய்த்தால்தான் தப்பு. காருக்குள் வெயிலில் போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் சந்தைக்குப் போகாதீர்கள். என்னுடையது அப்படி ஒரு பக்கம் நெளிந்தது. சுடுதண்ணீரில் முக்கி, சமமான தரையில் வைத்து, மேலே அரிசி டின்னை ஏற்றி ஒரு ராத்திரி விட்டேன். பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது, கண் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் ஒரு சின்ன அலை தெரியும். பிரீமியம் இந்த விஷயத்தில் தைரியமாக இருக்கும்.

மெத்தாகச் செய்த பிரீமியம் பட்டர்களும் உண்டு. நண்பர் ஒருவருடையதை நாலு முறை போட்டுப் பார்த்தேன், அதுவும் காய்ந்த மதியத்தில். கையில் இதமாக இருந்தது. ஆடி மாதத்து மழையில் ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகுதான் அதைப் பற்றி வாய் திறக்க முடியும்.

நிறம் மட்டும் மறக்காமல் கேட்டு வாங்குங்கள். பச்சையும் மஞ்சளும் தேயிலைக்குள் போனால் கிடைக்காது. என் மெத்துத் தட்டு அடர் ரோஜா நிறம், மேல் படியிலிருந்தே தெரிகிறது. பிரீமியத்தை இப்போது கூடைக்குப் போடுவதில்லை. ஐம்பது அறுபது மீட்டர் எறிய அதைத்தான் எடுக்கிறேன், மரத்தில் பட்டாலும் கவலையில்லை. கெட்டி பேஸைப் பொங்கல் முடிந்து அக்கா மகன் கிளம்பும்போது அவன் பையில் வைத்து அனுப்பிவிட்டேன்.